ஒரு மடக்குத் தண்ணீர்

தையல் ஆலையில் காலர் வைக்கும் மெஷினில் அவள் உட்கார்ந்திருப்பாள். கண் மட்டும் தூணில் தொங்கும் கழிப்பறை அட்டை மேல் இருக்கும். ஒரு வரிசைக்கு ஓர் அட்டைதான்; அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகமுடியும். அது ஆணியில் இருந்தால் வயிறு சமர்த்தாக இருக்கும். யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் போதும், அடிவயிறு முறுக்கத் தொடங்கிவிடும்.

பக்கத்து மெஷின்காரிகள் அவளுக்கு 'அட்டை ராணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கழிப்பறையிலேயே ஒரு மெஷினைப் போட்டுக் கொடுத்தால் வேலையாவது நடக்கும் என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். மேற்பார்வையாளர் சிரிப்பதில்லை. இனியும் எழுந்து எழுந்து போனால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் சோதித்துவிட்டு, குடலில் புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை, சட்டென்று மிரளும் குடல் என்றார். நார்ச்சத்துப் பொடி எழுதிக் கொடுத்தார். கொஞ்சமாக ஆரம்பித்து மெல்லக் கூட்டவேண்டும், ஒவ்வொரு தடவையும் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து குடிக்கவேண்டும் என்று மருந்துக் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்.

தண்ணீர் என்றதும் அவளுக்குத் திக்கென்றது. அந்த வரிசையில் வேலை முடியும்வரை யாருமே தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் அட்டைக்குப் போய் நிற்கவேண்டும். அதனால் டம்ளரில் கரண்டி நிறையப் பொடியைப் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீரில் குழைத்து விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள். சீக்கிரம் குணமாகட்டும் என்று மறுநாள் இன்னொரு கரண்டி.

வயிறு மத்தளமாக உப்பியது. வெளிக்குப் போவதும் நின்றுபோனது. கட்டி இருப்பதை டாக்டர் மறைத்துவிட்டார் என்றே நினைத்தாள். தூங்கும் பிள்ளையின் கால் வயிற்றில் பட்டால்கூடக் குலை நடுங்கியது. புருஷனிடம் மூச்சு விடவில்லை.

நாத்தனார்தான் கண்டுபிடித்தாள். பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தவள், அந்த டம்ளரைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த மிச்சம் விழவில்லை. பசை மாதிரி இறுகிக் கிடந்தது. என்ன இது, எவ்வளவு தண்ணீரில் குடித்தீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டாள். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

நாத்தனார் டம்ளரை அவள் முகத்துக்கு நேரே தலைகீழாகப் பிடித்தாள்.

"கட்டியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல அண்ணி. உள்ள இதுதான் நிக்குது. ஒரு அட்டைக்குப் பயந்து உயிரை விடுவீங்களா?"

கையோடு டாக்டரிடம் இழுத்துப் போனாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குடல் அடைத்தே போயிருக்கும் என்றார் அவர். வயிறு இளகும்வரை பொடியைத் தொடக்கூடாது, பிறகு சின்னக் கரண்டியில், நிறையத் தண்ணீரோடு.

பொடியை மறுபடி ஆரம்பித்த அன்று, பெரிய பாட்டிலை மெஷின் பக்கத்திலேயே வைத்துக் குடித்தாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"அண்ணே, இன்னைக்கு நான் எந்திரிச்சுப் போவேன். இப்பவே சொல்லிடறேன்."

அவர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். சம்மதமா, கறுவிக்கொண்டு போகிறாரா, அவளுக்குத் தெரியவில்லை. மிச்சத் தண்ணீரையும் குடித்தாள்.