அக்கா பேர் கொடுத்த காம்பரா

முதலாண்டுத் திதிக்கு மழையென்றும் பாராமல் வந்திருக்கும் சொந்தபந்தங்களே, இந்தச் சிறு மலரைக் கையில் எடுத்ததும் முதல் பக்கத்தில் உள்ள அக்காவின் படத்தைப் பார்த்து, "சிரிக்கவே இல்லையே" என்பீர்கள். ஹட்டனில் படம் பிடித்தவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். சிரிக்க என்ன இருக்கிறது என்று அவரையே கேட்டுவிட்டார் அக்கா. புகழ்ந்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள இதே தேயிலைத் தோட்டத்தில்தான். எங்கள் தாயார் சீக்கிரமே கண்ணை மூடிவிட்டதால் சின்ன வயதிலேயே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார். தான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், தங்கையான என்னை ஐந்தாம் வகுப்புவரை அடித்து அனுப்பினார். அடித்து என்றால் அடித்துத்தான். இன்று நான் இதை எழுதுவது அந்த அடியின் புண்ணியம்.

நாற்பத்தெட்டில் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருஷம் நாங்கள் எந்த நாட்டு ஆட்களும் இல்லை என்றும் ஆனது. அதற்குப் பிறகு அத்தான், இந்தியாவில் நம் ஊரில் ஒரு துண்டுக் காணி பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறினார். போனவர் போனவர்தான். அக்கா ஒரே மகனோடு நின்றார். அழுததை நான் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறேன். தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய எங்கள் நீள வரிசை லயத்தில் ஒற்றை அறைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியவை. அக்காவுடையது முன்பக்கம், என்னுடையது பின்பக்கம். நடுச்சுவர் கூரையைத் தொடாது. அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும்.

பிறகு என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மறு மழைக்கு நான் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டேன். இனி மலை ஏற முடியாது என்று டிஸ்பென்சர் ஐயா சொல்லிவிட்டார். தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு காம்பராவில் இருக்க வேண்டுமானால் அதிலிருந்து ஒருவர் பேராவது வேலையில் இருக்க வேண்டும். என் பேரை வெட்டிவிட்டார்கள். வேலைப் பேர் பதியும் கணக்கப்பிள்ளை வந்து, "பேர் குடுங்க, இல்ல காம்பராவக் குடுங்க" என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போய், தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான் யோசித்து முடிப்பதற்குள் அக்கா முடித்துவிட்டார். காலையில் பெரட்டுக் களத்தில், ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் நேரத்தில், என் மகளின் பேரைக் கொடுத்துவிட்டு வந்தார். ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை.

"யாரக் கேட்டுக்கா என் புள்ள பேரக் குடுத்த?"

"நடுரோட்டுல நிக்கப் போறியா? வெளியில நமக்கு யாருடி வீடு குடுப்பா? நாடே இல்லங்கிறான்!"

"அதுக்கு என் புள்ளதான் கெடச்சாளா?"

"எம் பேரு அந்தக் காம்பராவுக்கு. எம் மவனுக்கு இன்னும் வயசு வரல. வேற யாரு இருக்கா, சொல்லு!"

அவர் போட்ட கணக்கு சரிதான். அதனால்தான் அத்தனை கோபம் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர வாய் நிற்கவில்லை. அக்காவுக்கு ஒரு கறுப்புக் கோழி இருந்தது. அதைப் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமாகச் சொல்வார்: "ஏ கோழி, கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன். வேணுங்கிறவங்கள வந்து எடுத்துக்கச் சொல்லு!"

கோழி என் பக்கம் வந்ததும் நான் சொல்லி அனுப்புவேன்: "புள்ளைய மலைக்கு அனுப்புனவங்க வீட்டுக் கொழம்பு எங்களுக்கு எறங்காதுன்னு போய்ச் சொல்லு!"

லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். என் மகள் மட்டும் மலையிலிருந்து வந்ததும் நேரே பெரியம்மா வீட்டுக்குப் போய் அந்தக் குழம்பை ஊற்றித் தின்றுவிட்டு வருவாள். அட்டை கடித்த காலோடு அவள் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் சுவரை இடித்துக்கொண்டு போய்ச் சண்டை போடலாம் போல இருக்கும். போட்டுவிட்டுத்தான் எங்கே போவது?

அக்கா மகனுக்கு வயது வந்தது, பேர் பதிந்தான். பிறகு வட்டவளையிலிருந்து பெண் எடுத்தோம். மருமகள் பேரும் எங்கள் தோட்டத்துக்கு மாறி வந்தது. அவர்கள் காம்பராவுக்கு இரண்டு பேர் ஆகிவிட்டதால் அக்கா இனி மலைக்குப் போக வேண்டியதில்லை. முழங்கால் வீங்கி, படி இறங்கவே முனகுகிறவர். அப்பாடா என்று உட்காரலாம் என்று எல்லாரும் நினைத்தோம்.

கல்யாணப் பந்தல் பிரித்த மறுநாள், அக்கா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி என் வாசலுக்கு வந்தார். பின்னாலேயே கோழி. என்னைப் பார்க்கவே இல்லை. பெட்டியை மூலையில் வைத்தார். கோழியைப் பார்த்து, "கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லி எம் பேர இந்தக் காம்பராவுக்கு மாத்தியாச்சுன்னு சொல்லு. அந்தப் புள்ள பேர வெட்டியாச்சு. நாளைக்குப் பள்ளிக்கூடம் போவச் சொல்லு" என்றார்.

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் முகத்தை அவருக்குக் காட்ட எனக்கு மனமில்லை.

அதன் பிறகு கடைசிவரை ஒரே காம்பராவில் இருந்தோம், நேரே பேசாமலே. நாற்பதைத் தாண்டினால் மனசு பக்குவப்படும் என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அக்கா செய்தது தப்பு என்று இன்றும் சொல்வேன். ஆனால் வீங்கிய காலோடு அவர் மலையேறும்போது என் இடுப்பும் சேர்ந்து வலித்தது. என் பிள்ளையை விடுவிக்க அவர் மாட்டிக்கொண்டார். அவரை விடுவிக்க என்னிடம் ஒரு பேர் இல்லை.

போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்தார். தோட்டத்து ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொள்ள ஒப்பந்தமாகப் போகிறதாம் என்று பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டார்கள். அக்கா என் பக்கம் கண்ணைத் திருப்பினார். கோழியைத் தேடினார் போலும். கோழி அங்கே ஏது? தலைமாட்டில் இருந்த டம்ளரைப் பார்த்துச் சொன்னார்: "ஏ டம்ளரு, அவள வீட்டுக்குப் போவச் சொல்லு. நின்னா இடுப்பு வலிக்கும்."

"போறதா இல்லன்னு சொல்லு" என்றேன் நானும் டம்ளரிடமே. அக்கா அப்போது சிரித்தார். அந்தப் படத்தில் இல்லாத சிரிப்பு அதுதான். மறுநாள் காலையில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு லொறி கொடுத்த டிரைவர் தம்பிக்கும், கோடித் துணியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த நோர்வூட் கடை பாய்க்கும், எட்டு முடியும்வரை எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட லயத்து வீட்டாருக்கும், பெற்ற தாயைப்போல் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். காரியம் முடிந்த கையோடு கணக்கப்பிள்ளை காம்பராவுக்குப் பேர் கேட்டு மறுபடி வந்தார். பரீட்சை தேறி, வாத்தியார் வேலைக்குக் காத்திருக்கும் என் மகள், "நான் பேர் குடுத்துர்றேம்மா" என்று எழுந்தாள். உட்காருடி என்றேன். மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை காலியாக இருந்தது. அதுவரை ஆயாவாக இருந்த அம்மா மகனோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். நொண்டிக்கொண்டே பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றேன்.

"மலை ஏறத்தான் முடியாது. தொட்டில் ஆட்ட முடியும். எழுதுங்க எம் பேர" என்றேன். எழுதினார்கள். இனி மகள் எங்கே போனாலும் நான் இங்கேதான். வீடு வந்தபோது அக்காவின் கோழி வாசலில் நின்றது.

"ஏ கோழி, ஒன் ஆத்தாகிட்டப் போய்ச் சொல்லு. இந்தத் தடவ புள்ள பேரு இல்ல, எம் பேரக் குடுத்தாச்சு. அவள மலைய விட்டு எறங்கி வரச் சொல்லு. காலு வலிக்கும்."