கமலாம்பிகை வளர்த்த ஆபிரிக்கப் புழு

லண்டன் லூயிஷாம் சிவன் கோயிலுக்கு மாலை கட்டுகிற கமலாம்பிகைக்குக் கென்யாவிலிருந்து வருகிற ரோசா என்றால் தனி மரியாதை. சூப்பர்மார்க்கெட் வேலையை விட்டபிறகு அவருக்கு வாய்த்த உத்தியோகம் இது. மாலை கோணினால் சாமியே கழுத்தை நேராக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவு கறார்.

கந்தசஷ்டி தொடங்கிய அன்று ஒரு ரோசா மொட்டைப் பிரித்தார். உள்ளே இளஞ்சிவப்பாய் ஒரு புழு குடைந்து தின்றுகொண்டிருந்தது. மற்ற நாளென்றால் கட்டைவிரலோடு கதை முடிந்திருக்கும். விரதத்தில் உயிர்க்கொலை ஆகாது. வெளியே விட்டால் நவம்பர்க் குளிர் கொன்றுவிடும். ஜாம் போத்தலில் மண்ணும் மொட்டுகளும் போட்டு, புழுவை விட்டு, வாயைத் துணியால் கட்டி, ஹீட்டர் அருகில் வைத்தார்.

“சாப்பிட்டனியோ? ஏன் பேசாமல் கிடக்கிறாய், கோவமோ?” என்று போத்தலுக்குள் பார்த்துக் கேட்டார்.

கணவர் யோகலிங்கம் பேப்பரை இறக்கினார். “எனக்குக் குளிருதெண்டால் ஸ்வெட்டரைப் போடச் சொல்லுவீர். உதுக்கு ஹீட்டர்.”

“அது குழந்தைப்பிள்ளை.”

சூரன்போர் முடிந்து பாறணைச் சாப்பாடும் ஆயிற்று. யோகலிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “விரதம் முடிஞ்சுது. இனி நசுக்கலாம்தானே.”

“கையால சாப்பாடு குடுத்ததை நசுக்கிறதோ?”

புழுவோ அதற்குள் மண்ணில் இறங்கி, நூலும் மண்துகளுமாய்க் கூடு பின்னிப் படுத்துவிட்டது. செத்துப்போச்சோ என்று பதறிய தாய்க்கு, மகள் மிதுஷா போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

“சாகேல்லை அம்மா, நித்திரை. உது ஆபிரிக்கா அந்துப்பூச்சி மாதிரிக் கிடக்கு. தாய்ப்பூச்சி பழத்தின்ர தோலில முட்டை வைச்சிட்டுப் போகுமாம். பொரிச்ச உடன துளைச்சு உள்ள போயிடும். தோடம்பழம், குடைமிளகாய், ரோசா, ஒண்டையும் விடாதாம்.”

“கெட்டிக்காரப் பிள்ளை.”

“கண்டால் அரசாங்கத்துக்கு அறிவிக்கவேணுமாம். இஞ்சத்தைக் கண்ணாடிக் கூடத் தோட்டங்களுக்குள்ள பூந்தால் நாசம்.”

அன்று கமலாம்பிகை சரியாகச் சாப்பிடவில்லை. வைத்திருந்தால் யாரோ ஒருவரின் மிளகாய்ச் செடி போகும். சொன்னால் பிள்ளை போகும். காலையில் அவரே போன் செய்தார்.

வந்த அரசாங்கப் பயிர் அதிகாரி கோயம்புத்தூர்க்கார முகுந்த். போத்தலைத் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப உறுதியா சொல்ல முடியாது ஆன்ட்டி. லேப்ல சூடா வச்சு, பூச்சியா வெளிய வந்ததும் பார்ப்போம்.”

“பார்த்திட்டு?”

முகுந்த் தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். “கொன்னு, ஊசியில குத்தி வைப்போம்.”

கமலாம்பிகை போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“நான் மறிக்கேல்லை, தம்பி. ஆனால் செட்டை முளைச்ச உடன குத்தாதையுங்கோ. ஒருக்காப் பறக்க விட்டிட்டுக் குத்துங்கோ.”

“கூண்டுக்குள்ளதான் பறக்கும்.”

“எவ்வளவு பெரிசு?”

“ஒரு மைக்ரோவேவ் அளவு இருக்கும்.”

“காணும், உது போதும்,” என்று சொல்லி, போத்தலைத் தன் கம்பளிச் சால்வையில் சுற்றிக் கொடுத்தார்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் முகுந்திடமிருந்து ஒரு வீடியோ வந்தது. சுண்டுவிரல் நகமளவு பழுப்புப் பூச்சி ஒன்று வலைக்கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தட்டுத்தடுமாறிப் பறந்தது.

“உதுக்கோ இவ்வளவு பாடு?” என்றார் யோகலிங்கம்.

“ஒழுங்காப் பாருங்கோ. எவ்வளவு வடிவாத் திரும்புது.”

யோகலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து காட்டச் சொன்னார்.