இருபத்து மூன்றாம் எண்

செல்லபாய் டீச்சர் ஆரல்வாய்மொழிக்காரர். கணவர் இறந்தபின் குளச்சல் பக்கத்துக் கடலோரப் பள்ளியில் வேலை கிடைத்து, ஆறு வருடமாக வாடகை அறையில் தனியாக இருந்தார். மாதா கோயில் திருவிழாவின் பத்தாம் நாள் ஊரில் எந்த வீட்டிலும் விருந்தாளிகள்தான். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் இன்னொரு வீட்டுக்கு வருத்தம் என்று எங்கும் போகாமல் அறையில் ரசம் வைத்துச் சாப்பிடுவார். வறட்டு நியாயம், வேறென்ன?

2008இல் எட்டாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்த, பள்ளியில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் நாலு வரி புரோகிராம் எழுதினார். வகுப்பில் முப்பத்திரண்டு பேர்; ஓட்டினால் ஒன்றிலிருந்து முப்பத்திரண்டுக்குள் ஏதாவது ஓர் எண் வரும். ஒரு வாரம் காசு சுண்டியும் பகடை உருட்டியும் பழக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை சொன்னார்:

"ஆளுக்கொரு எண் எடுங்க. வாற எண்ணுக்காரங்க வீட்டுலதான் எனக்குத் திருவிழாச் சாப்பாடு. எல்லாருக்கும் சம வாய்ப்பு."

23 வந்தது. அதை எடுத்திருந்த ரெஜிஷா துள்ளிக் குதித்தாள்.

சனிக்கிழமை டீச்சர் சும்மா ஓட்டிப் பார்த்தார். 23. அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். 23. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குலுக்கச் சொல்லும் வரியை எழுத மறந்திருந்தார். தினமும் கம்ப்யூட்டரைத் துடைத்து, புரோகிராமை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பவள் ரெஜிஷா. டீச்சருக்கு முகமெல்லாம் எரிந்தது.

திங்கட்கிழமை தனியாகக் கூப்பிட்டார். "ஏட்டி, தெரிஞ்சுதான் எடுத்தியா?"

"தெரியும் டீச்சர்." அவள் தலை நிமிரவில்லை. "அம்மை குவைத்துல. அப்பா கடலுக்குப் போனா வர மாசமாவும். எனக்க வீட்டுக்கு ஆரும் வரமாட்டாவ. திருவிழாவுக்கும் சித்தி வீட்டுலதான் கிடக்கணும்."

டீச்சருக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கணக்கு டீச்சர் ஆயிற்றே! விட்டுப்போன வரியைச் சேர்த்து, புரோகிராமில் தன் பிழை என்று சொல்லி, வகுப்பின் முன்னால் மறுபடி ஓட்டினார். 7 வந்தது. ஆன்ட்ரூஸ் வீடு.

பத்தாம் நாள் ஆன்ட்ரூஸ் வீட்டுப் பந்தியில் இருபது பேர். அவரவர் சொந்தக்காரர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது, அறையில் ரசம் சாப்பிட்டதைவிடத் தனிமையாக இருந்தது. டீச்சர் அரை வயிற்றோடு எழுந்துவிட்டார்.

ரெஜிஷா வீட்டுக் கதவு திறந்திருந்தது. சித்தி வீட்டுக்குப் போகாமல், அவள் மட்டும் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் திகைத்து எழுந்தாள்.

"டீச்சர், எனக்க நம்பர் வரல்லியே?"

"நம்பர் வரல்ல, மக்கா. நான் வந்தேன். சோறு வை."