குடிதண்ணீரில் துடைத்த தாள்

வெள்ளையம்மாள் இறந்து நாற்பது நாள் ஆகிறது. அவளைப் பற்றிச் சொல்ல ஓர் ஐப்பசி மாதத்து இரண்டு நாள் போதும். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

திருப்புல்லாணிக்கு மேற்கே ஊர். இரண்டு ஏக்கர் மிளகாய்க் காடு. பூமிக்குள் தண்ணீர் இல்லாமல் இல்லை. இருபது அடியிலேயே கிடக்கிறது, வாயில் வைக்க முடியாத உப்பாக. போர் போட்டவர்கள் எல்லோரும் கடலைத்தான் மேலே ஏற்றினார்கள். வானம் பெய்தால் மிளகாய். பெய்யாவிட்டால் கூலி வேலை. கணவன் செல்லச்சாமி சவுதியில் லாரி ஓட்டினார்.

கூலிக்குப் போன இடத்தில்தான் அவளுக்குத் தாள் ஒட்டும் மெஷின் பழக்கமானது. பெரியபட்டினத்து ரிஃபாய், வாலிநோக்கம் உப்பளங்களில் கறுப்புத் தாள் விரித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர். பாத்தியின் அடியில் பாலித்தீன் தாள் கிடந்தால் உப்பில் சேறு கலக்காது, வெள்ளையாக விளையும். வெள்ளையம்மாள் தாள் சுமக்கப் போனாள். எட்டு மாதம் கழித்து, பாதி வேலையில் மெஷின் ஓட்டுகிறவன் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். ரிஃபாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் அறுபது மீட்டர் ஒட்டியிருந்தாள். காற்று ஏற்றிச் சோதித்தபோது ஒட்டில் ஒரு இடத்தில்கூடக் கசியவில்லை.

பாலித்தீன் என்பது சங்கிலி. ஆயிரக்கணக்கான கரி அணுக்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்து நிற்கும் நீளச் சங்கிலி. இரண்டு தாளின் ஓரங்களைச் சூடாக்கி உருளையால் அழுத்தினால், உருகிய சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்ளும். ஆறியபின் அங்கே இரண்டு தாள் இல்லை, ஒன்றுதான். நடுவே தூசியோ ஈரமோ இருந்தால் நுழைய வழியில்லை. வெள்ளையம்மாள் இதை வேறு மாதிரி சொல்வாள்: சிக்கு எடுக்காத தலையில் சடை நிற்குமா?

மூன்றாம் வருடம் தன் காட்டிலேயே கால் ஏக்கரை வெட்டிக் குட்டை எடுத்தாள். மழைத் தண்ணீரைத் தாளில் பிடித்துவைத்தால் மேலே உள்ளது கீழே போகாது, கீழே உள்ள உப்பும் மேலே வராது. ஒட்டு ஒரு இடத்தில் விட்டாலும் முடிந்தது கதை. குட்டை உப்பாகிவிடும். வெட்டிய நிலம் திரும்பாது, அந்த வருடம் மிளகாயும் இல்லை. ஊரில் யாரும் இனி தாள் என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

ரிஃபாய் மெஷினை இரண்டு நாளைக்கு விட்டார். மூன்றாம் நாள் காலை அது வாலிநோக்கத்தில் இருக்க வேண்டும்.

முதல் நாள் அவள் மெஷினைத் தொடவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெட்டிய குட்டை முழுவதும் நடந்தாள். சீமைக் கருவேல முள் ஒன்று கிடந்தாலும் தாளைக் குத்தும்; வேர்க்கட்டை கிடந்தால் அது துளிர்த்தே துளைத்துவிடும். காலில் குத்தியதையெல்லாம் பொறுக்கினாள். கரையில் நின்ற கூத்தையா, செல்லச்சாமியின் அண்ணன், இந்த வருசம் அறுவடை முள்ளுதான் போல என்றார். சாயங்காலம் தாளை விரித்தார்கள். நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு சாண் தளர்ச்சி விட்டு, சேலைக் கொசுவம்போல் மடித்தாள். வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் பொருளை இழுத்துக் கட்டினால் கிழியும். பின்னாளில் பாலிமர் படித்த மகள் இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருபத்து நாலு சென்டிமீட்டர் வந்தது. ஒரு சாண்தான்.

இரண்டாம் நாள் பனி காய்ந்ததும் ஜெனரேட்டர் உறுமியது. மூன்று தாள், இரண்டு ஒட்டு. கணவனின் தங்கை பூங்கோதை முன்னால் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும், பின்னால் மெஷின் வரும். துடைக்கக் குடிதண்ணீர் கேன் நான்கு வாங்கி வைத்திருந்தாள். அதற்கும் கூத்தையா பேசினார். நல்ல தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற சீமையில், தார்ப்பாயைக் குளிப்பாட்டும் ஒரே பொம்பளை தன் வீட்டில்தான் இருக்கிறாள் என்றார்.

முதல் ஒட்டு மதியத்துக்குள் முடிந்தது. மெஷின் இரண்டு கோடாக ஒட்டும், நடுவில் வெற்றுக் குழல் ஓடும். குழலின் இரு முனையையும் அடைத்து, ஊசி குத்தி, சைக்கிள் பம்பால் ஒன்றரை கிலோ காற்று ஏற்றினாள். ஐந்து நிமிடம். மீட்டரின் முள் அசையவில்லை.

இரண்டாவது முடிந்தபோது மணி நாலு. கிழக்கே கடல்பக்கம் வானம் மைபோல் கட்டியிருந்தது. காற்று ஏற்றினாள். ஒன்றரை. ஒன்றே கால். ஒன்று. முள் இறங்கிக்கொண்டே போனது.

ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து ஒட்டின்மேல் தடவிக்கொண்டே ஓடினாள். கடைசி எட்டு மீட்டரில் நுரை பொரிந்தது. அறுத்து, நகத்தால் இழுத்தாள். வாழைப்பழத் தோல்போல் உரிந்தது. உள்ளே பூத்திருந்தது, மெல்லிய வெள்ளை. நாக்கில் தொட்டாள். உப்பு.

பூங்கோதையைப் பார்த்தாள்.

“போர்த் தண்ணியில தொடச்சியா?”

பூங்கோதை தலை குனிந்தாள். “ஒரு கேன்தான் மதினி மிச்சம் கெடந்துச்சு. குடிக்கிற தண்ணிய மண்ணுல ஊத்த கை வரல.”

வெள்ளையம்மாள் ஏசவில்லை. அந்த ஊரில் யாருக்குத்தான் கை வரும்?

“அந்த கேன் இருக்கா?”

“அப்படியே இருக்கு.”

“எடுத்துட்டு வா.”

கெட்ட ஒட்டை வெட்டி எறிந்தாள். ஒரு முழ அகலத்தில் புதுப் பட்டை அறுத்தாள். அதன் இரண்டு ஓரமும் ஒட்ட வேண்டும். முதல் தூறல் அவள் கழுத்தில் விழுந்தது. ஈரத்தில் மெஷின் ஒட்டாது.

கூத்தையா கரையிலிருந்து இறங்கி வந்தார். தோளில் மிளகாய் காயப்போடும் பெரிய தார்ப்பாய். பக்கத்துக் காட்டில் நின்ற நாலு பேரையும் கூட்டிவந்திருந்தார். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து அவள் தலைக்குமேல் தூக்கினார்கள். மெஷின் நகர நகரப் பந்தலும் நகர்ந்தது. பூங்கோதை நல்ல தண்ணீரை ஊற்றித் துடைத்து, முந்தானையால் ஈரம் ஒற்றி முன்னால் போனாள். கேனில் கடைசிச் சொட்டு தீர்ந்த இடத்தில் ஒட்டும் தீர்ந்தது. பட்டையின் முனைகளைக் கையடக்கச் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் உருக்கி அழுத்தினாள்.

காற்று ஏற்றினாள். பந்தலின் கீழ் ஏழு தலைகள் அந்த வட்டமான மீட்டரின் மேல் குனிந்தன. தார்ப்பாயில் மழை படபடத்தது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். கூத்தையாவுக்குப் பொறுக்கவில்லை.

“என்னத்தா, முள்ளு தூங்கிருச்சா?”

“நிக்குது மச்சான்.”

ஐந்தாம் நிமிடமும் ஒன்றரையில் நின்றது. அடுத்த ஓரமும் நின்றது. ஊசித் துளைகளை உருக்கி மூடிவிட்டுத் தார்ப்பாயைக் கீழே விட்டார்கள். அப்போதுதான் மழை மொத்தமாக இறங்கியது. நனைந்துகொண்டே மெஷினைத் தூக்கி ஓடினார்கள், சிரித்துக்கொண்டே. கறுப்புத் தாளில் நாலு பக்கச் சரிவிலிருந்தும் தண்ணீர் பாய்ந்து நடுவில் கூடியது. கூத்தையா ஓடைபோல வருது, ஓடைபோல வருது என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழை மூன்று நாள் பெய்தது. விட்டதும் வெள்ளையம்மாள் தண்ணீர் மட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது வெயில் குடித்த அளவுதான் இறங்கியிருந்தது. வழுக்கும் சரிவில் முடிச்சுக் கயிற்றைப் பிடித்து இறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்தாள். நாக்கால் துழாவிப் பார்த்தாள். உப்பு இல்லை. பிறகு கரையில் நின்ற பூங்கோதையிடம் காலி கேனைக் கேட்டு வாங்கி, தண்ணீருக்குள் அமுக்கினாள். அது குபுகுபுவென்று நிறைந்தது.

“இந்தா புள்ள. இனிமே தாள் தொடைக்க இதுலருந்து எடு.”