போனில் தலையாட்டியவள்

எங்கள் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அது என் கைக்கு வந்துவிட்டுத்தான் போகும். ஆண்கள் கொழும்பிலும் பினாங்கிலும் இருந்தார்கள். பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் படிக்கத் தெரியாது. நான் ஆறாவது வரை பள்ளிக்கூடம் போனவள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பெண்கள் மட்டும் நடமாடும் முடுக்குச் சந்து வழியாக ஒவ்வொருத்தராக வருவார்கள். படித்துச் சொல்வேன். பதிலும் எழுதிக் கொடுப்பேன். "படிச்ச புள்ள" என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அது போகிற அன்றைக்குத்தான் தெரிந்தது.

சங்கு வியாபாரம் செய்த முதலாளி வீட்டுக்கு டெலிபோன் வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். எங்கள் ஊர் வழக்கப்படி நான் உம்மா வீட்டிலேயே இருந்தேன்; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். என் புருஷனுக்கு, நான் மச்சான் என்று கூப்பிடுகிறவருக்கு, கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் அங்கே இருப்பார். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது லீவு முடிந்து கிளம்பினார். "புள்ள பொறக்கிற நேரத்துல கூட இருக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். "கடை மொதலாளி விட மாட்டாரு புள்ள" என்றார். தனுஷ்கோடிக்கு ரயில் ஏற அவர் கிளம்பிய அன்று நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் வாசல்படியில் நின்று இரண்டு முறை செருமினார். பிறகு போய்விட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. தந்தி கொடுத்தோம். பிரசவத்துக்குப் பிந்திய நாற்பது நாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும், முதலாளி வீட்டுக் கணக்கப்பிள்ளை எங்கள் வாசலில் வந்து நின்று உம்மாவைக் கூப்பிட்டார்.

"இன்னக்கி சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பொறவு கொழும்புலேருந்து உங்க மருமகன் போன்ல பேசுறாராம். மகள அங்கன கூட்டிட்டு வந்துருங்க."

உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அடுத்த வீடு அதற்கடுத்த வீட்டுக்குச் சொன்னது. நான் சாப்பிடவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே யோசித்தேன். யார் முதலில் பேசுவது? அவரா, நானா? சலாம் சொல்லித் தொடங்க வேண்டுமா? அவர் பேசும்போது நான் குறுக்கே பேசினால் அவர் குரல் நின்றுவிடுமா? நடுவில் தொலைபேசி ஆபீஸ்காரர்கள் கேட்பார்களாமே, அவர்கள் முன்னால் எப்படி மச்சான் என்று கூப்பிடுவது? இதையெல்லாம் யாரிடமாவது கேட்டிருக்கலாம். முதலாளி வீட்டு மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் எனக்குக் கேட்கத் தெரியாது. எல்லோரும் என்னிடம்தானே கேட்பார்கள்.

முதலாளி வீட்டு முன்கட்டில் ஆண்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். கணக்கப்பிள்ளை மட்டும் திரைக்கு அந்தப் பக்கம் நின்றார். மேசைமேல் பூவேலை செய்த துணிக்குக் கீழே அது இருந்தது. மாமி துணியை எடுத்தார். கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோலப் பளபளப்பாக இருந்தது. உள்கட்டு நிலைப்படியில் எங்கள் தெருப் பெண்கள் ஒருவர் தோளுக்குமேல் ஒருவராக நின்றார்கள். நான் கடிதம் படித்துக் கொடுத்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். யார் மனதிலும் கெடுதல் இல்லை. போனில் ஒருத்தி புருஷனோடு பேசுவதை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மணி அடித்தது. கணக்கப்பிள்ளை திரைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி எடுத்து, "ஆமா, ஆமா, குடுக்கிறேன்" என்று கத்திவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"சீக்கிரம் பேசும்மா. மூணு நிமிஷந்தான்."

வாங்கினேன். தலைகீழாகப் பிடித்தேன் போலிருக்கிறது. மாமி வந்து திருப்பிக் காதில் வைத்தார். நிலைப்படியில் யாரோ களுக்கென்றார்கள். காதுக்குள் மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல். அதற்கு அடியிலிருந்து மச்சானுடைய குரல் வந்தது. அது அவர் குரல்தான், ஆனால் ஒரு செம்புக்குள் உட்கார்ந்து பேசுவதுபோலச் சிறுத்துப் போயிருந்தது.

"ஹலோ... ஹலோ... புள்ள, நல்லாருக்கியா?"

நான் தலையாட்டினேன்.

"கேக்குதா? புள்ள நல்லாருக்காளா? பால் குடிக்கிறாளா?"

மறுபடியும் தலையாட்டினேன். நன்றாக, பலமாக ஆட்டினேன். அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பதாகவே எனக்கு எண்ணம்.

"அடியே, நீ இங்கன தலையாட்டுனா கொழும்புக்குத் தெரியுமாடி?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

வீடே சிரித்தது. உம்மாகூடச் சிரித்துவிட்டார். திரைக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை இருமுவதுபோலச் செய்து சிரிப்பை அடக்கினார். அந்தச் சிரிப்பு மட்டும் வராமலிருந்தால் எனக்குப் பேச்சு வந்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் அங்கே "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறார். "கோவமா? ஒரு வார்த்த பேசு புள்ள" என்கிறார். என் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. வேறொரு ஆள் குரல் நடுவே வந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லிற்று. பிறகு இரைச்சலும் நின்றது.

மாமி என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி வைத்தார். துணியைப் போட்டு மூடினார்.

முடுக்குச் சந்து வழியாகத் திரும்பும்போது முன்னால் போன இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "படிச்ச புள்ளயே இப்படின்னா..." என்று தொடங்கி, நான் வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்த சில வாரங்கள் நான் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னை யாரும் திட்டவில்லை, ஒதுக்கவில்லை. ஆனால் கடிதம் கொண்டுவருகிறவர்கள் உட்கார்ந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளைகள் சந்தில் என்னைக் கண்டால் தலையைத் தலையை ஆட்டிவிட்டு ஓடும். நானும் சும்மா இருக்கவில்லை. அந்த டெலிபோனைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தேன். முகம் தெரியாமல் பேசுவது என்ன பேச்சு என்றேன். புருஷன் பெண்சாதிப் பேச்சை நடுவில் ஒருத்தன் கேட்பது அடக்கமா என்றேன். காகிதத்தில் எழுதினால் யோசித்து எழுதலாம், நாலு தரம் எடுத்துப் படிக்கலாம், இதில் என்ன இருக்கிறது என்றேன். நான் நன்றாகப் பேசினேன். சிலர் ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். உம்மா மட்டும் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியும். எனக்கு அது பிடிக்காமல் போகவில்லை. அதைத் தொட எனக்குப் பயம். அதைத் தொடும்போது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் அதைவிடப் பயம். பயம் என்று சொல்வதைவிட வெறுப்பு என்று சொல்வது கௌரவமாக இருந்தது.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ராமநாதபுரம் பஸ்ஸிலிருந்து மச்சான் இறங்கி வந்தார். யாருக்கும் சொல்லவில்லை. சவரம் செய்யாத முகம். கையில் ஒரே ஒரு பெட்டி. குழந்தையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டு, உம்மா அடுப்படிக்குப் போகிறவரை காத்திருந்து என்னிடம் சொன்னார்.

"நீ கோவத்துலதான் பேசலன்னு தெரியும். நான் போன அன்னக்கி வெளிய வந்து பாக்கலயே, அப்பவே தெரியும். போன்ல நீ பேசாத அன்னக்கிலேருந்து எனக்குக் கடைல நிக்க முடியல. மொதலாளிகிட்ட சண்ட போட்டுட்டுத்தான் வாரேன். என்னய மன்னிச்சிரு புள்ள."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோபக்காரி என்று அவர் நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. பேசத் தெரியாதவள் என்று தெரிவதைவிட அது எவ்வளவோ மேல். அன்று முழுதும் அவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். கொண்டுவந்த சேலையைப் பிரித்துக் காட்டினார். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஊற்றினார். எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் செய்கிற காரியம் இல்லை அது. வாளியை அவர் இழுக்க இழுக்க எனக்கு உடம்பு கூசியது.

மறுநாள் மதியம் மீன்குழம்பு ஊற்றும்போது சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. எனக்கு அதுல பேசத் தெரியல."

"என்னா தெரியல?"

"போன்ல. நீங்க கேட்டதுக்கெல்லாம் நான் தலைய ஆட்டுனேன்."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். நான் குழம்புச் சட்டியை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் நின்றது. எச்சில் கையோடு பின்னாலேயே வந்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை, கோபம் இருந்தது.

"இதுக்கா நான் கடல் தாண்டி வந்தேன்? சண்ட போட்டு வந்துருக்கேன் புள்ள. திரும்பிப் போனா சேத்துக்கிருவாங்களோ என்னவோ."

"நான் நேத்தே சொல்லிருக்கணும்."

"ஊருக்கே கடுதாசி படிக்கிறவ. உனக்கென்ன பயம்?"

"அதுனாலதான் பயம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அவர் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். அப்புறம் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், கொழும்பு முதலாளியின் ஆபீஸைப் பற்றிச் சொன்னார். அது நாலாவது மாடியில் இருந்ததாம். மேலே போக லிஃப்ட் உண்டாம். இரும்புக் கூண்டு, கதவைச் சாத்தினால் தானாக ஏறுமாம். முதல் நாள் அதில் ஏறியபோது வெளியே வர எந்தப் பித்தானை அமுக்குவது என்று தெரியாமல் மேலும் கீழுமாகப் போய்வந்தாராம். கதவைத் திறந்துவிட்ட ஒரு சிங்களப் பெண் சிரித்துவிட்டாளாம். அன்றிலிருந்து தலையில் துணிக்கட்டைச் சுமந்துகொண்டு படியில்தான் ஏறுகிறாராம்.

"கேட்டா, காலுக்கு நல்லதுன்னு சொல்லிருவேன்" என்றார்.

"இன்னுமா?"

"இன்னுந்தான்."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், அவர் எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

கொழும்பு முதலாளி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார், ஆனால் அதன்பிறகு அவரிடம் முன்போலப் பிரியமாக இல்லை. என் வாய் அடைத்துப்போனதற்கு மச்சான் கொடுத்த விலை அது. அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அடுத்த பெருநாளைக்கு மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை நான் முதல் நாளே முதலாளி வீட்டு மாமியிடம் போய், எந்தப் பக்கம் காது, எந்தப் பக்கம் வாய், எப்போது பேசுவது என்று எல்லாம் கேட்டுக்கொண்டேன். கேட்கும்போது காதுமடல் சுட்டது. மாமி பொறுமையாகச் சொன்னார். "நாளைக்கு யாரும் இங்கன நிக்க வேணாம் மாமி" என்றும் கேட்டுக்கொண்டேன். நிலைப்படிக் கதவைச் சாத்தினார்கள். "பெரிய ரகசியந்தான்" என்று வெளியே முணுமுணுத்தார்கள்.

மணி அடித்தது. எடுத்தேன். அவர் ஹலோ என்று சொல்லி முடிப்பதற்குள், "நல்லாருக்கேன், புள்ள நல்லாருக்கா, உம்மா நல்லாருக்காக, நீங்க சாப்ட்டீங்களா" என்று ஒரே மூச்சில் கத்தினேன்.

"கத்தாத புள்ள, நல்லாக் கேக்குது" என்றார் அவர்.

கதவைச் சாத்தி என்ன பயன்? தெருவே கேட்டிருந்தது. கதவைத் திறந்தபோது எல்லோரும் அங்கேயேதான் நின்றார்கள். மறுபடியும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்று உம்மா பிற்பாடு சொன்னார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்தேன்.

என் மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளுக்கு டெலிபோன் வந்துவிட்டது. ஒருநாள் மதியம் கோடிவீட்டுப் பெண் வந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்தான். கையில் கடிதம் இல்லை. மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"லாத்தா, நாளைக்கு எனக்குப் போன் வருதாம். அவுக பேசி முடிக்கிற வர நான் சும்மா இருக்கணுமா, நடுவுல பேசலாமா?"

"ஏன் என்கிட்ட கேக்குற? போன் இருக்கிற வீட்ல கேக்கலாமே."

அவள் தயங்கினாள். "அங்கன கேட்டா சிரிப்பாக. ஒங்ககிட்டன்னா..." என்று நிறுத்தினாள்.

மிச்சத்தை அவள் சொல்லவில்லை. என் மகள் பாடப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பு எனக்குத் தெரியும் என்று என்னிடம் வந்தார்கள். இவள் எனக்கும் ஒருநாள் தெரியாமல் இருந்தது என்று வந்திருக்கிறாள். எனக்கு முகம் சுட்டது. எழுந்துபோய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு அலமாரியிலிருந்து ஒரு மரக்கரண்டியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.

"காதுல வையி" என்றேன். "இந்தப் பக்கம் வாயி. நான்தான் ஒம் மாப்புள்ள. இப்பப் பேசு."

அவள் வெட்கப்பட்டுக் கீழே பார்த்தாள். நான் காத்திருந்தேன்.