முள்ளில் மாட்டிய ரோமம்

யத்தூ சித்தி நின்று பேசினால் அவர் கை சும்மா இருக்காது. எதிரே நிற்பவரின் தோளில் ஒட்டியிருக்கும் ஆட்டு ரோமத்தைக் கிள்ளி எடுத்து, பேச்சை விடாமலே தன் சட்டைக் கைமடிப்புக்குள் செருகிக்கொள்வார். முள்வேலி ஓரமாக நடந்தாலும் அப்படித்தான். மந்தை மலைக்கு ஏறிய பிறகு வேலி முழுக்க வெள்ளைத் துணுக்குகள் தொங்கும். சித்தி அந்த வழியே ஒருமுறை போய்வந்தால் வெறும் முள்தான் மிஞ்சும். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சித்தி என்பது கூப்பிடும் முறைதான், உறவில்லை. தெற்கிலிருந்து ஒரு லாரிக்காரரைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தவர் அவர். ஒருநாள் லாரி மட்டும் கிளம்பிப் போய்விட்டது. அதன்பிறகு ஊர்ப் பொதுக் குளியல் கூடமான ஹம்மாமில், பெண்கள் குளிக்கும் பக்கத்தில், முதுகு தேய்க்கும் வேலை. அதன் பின்னறையிலேயே குடியிருப்பு. அந்த அறையில் யாரும் துணையில்லாமல் அவருக்கு ஒரு குழந்தை பிறந்து அன்றே போய்விட்டது என்று அம்மா ஒருமுறை சொன்னார். ஊரில் அவர் தேய்க்காத முதுகு கிடையாது. ஆனாலும் கடைசிவரை அவருக்குப் பெயர் தெற்கத்திக்காரிதான்.

நான் மெக்னெஸ் நகரில் பட்டம் வாங்கிக்கொண்டு வேலையில்லாமல் திரும்பியிருந்த வருஷம், சந்தை மேட்டில் பிரசவ விடுதி கட்டினார்கள். கட்டிலுக்கு எதிரே பெரிய மொட்டைச் சுவர். அதை மூட ஒரு கம்பளித் தொங்கலை ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து நெய்வதாக முடிவானது. அனுமதி மனுவை நான்தான் எழுதினேன். 'சமூகக் கலைத் திட்டம்' என்று தலைப்பு வைத்தேன்.

"கல்யாணத்துக்குக் கல்யாணம் கூடித்தானே நெய்யுறோம். இப்ப அது கலையாயிடுச்சா?" என்று அம்மா சிரித்தார். எனக்கும் அந்தச் சொல் கொஞ்சம் கூசியது. சமூகம் என்றால் யார் யார் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.

ஊரே மரியாதையாக 'லல்லா' என்று அழைக்கும் பெண்கள் சங்கத்துத் தலைவி ரபஹா ஒரு விதி வைத்தார். ஒவ்வொரு வீடும் தன் மந்தை ரோமத்தில் நூல் நூற்று, நம் மலையில் விளைவதில் சாயம் ஏற்றி, தன் வீட்டுக் குறியைத் தானே நெய்ய வேண்டும். சங்கம் கூடிய அன்று யத்தூ சித்தியும் வந்து வாசலோரம் உட்கார்ந்தார்.

"லல்லா ரபஹா, என் பங்கு எங்க வரும்?"

"உன் ஆடு எங்க மேயுது, யத்தூ?"

"உங்க ஆடு மேயுற எடத்துலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ரபஹாவும் சிரித்தார். ஆனால் விதியை மாற்றவில்லை. சித்தி எழுந்து போகும்போது பழக்கதோஷத்தில் ரபஹாவின் தோளிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு போனார்.

பாவு ஓட்டும் நாள் வந்தது. முற்றத்தில் இரண்டு இரும்பு முளைகளை அடித்து, பேரீச்சம்பழமும் சர்க்கரையும் வைத்து வேண்டிக்கொண்டோம். நூல் உருண்டையோடு ஒருத்தி இந்த முளைக்கும் அந்த முளைக்கும் நடந்தபடியே இருக்க வேண்டும். தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும். பாதியில் முளையைப் பிடுங்கினால் அந்தக் கூரையின் கீழ் பிரசவம் நல்லபடியாக நடக்காது என்பது எங்கள் பெண்களின் பயம்.

ஒவ்வொருத்தியும் கூடையைத் திறந்தாள். மஞ்சிட்டிச் சிவப்பு, மாதுளைத்தோல் மஞ்சள், அக்ரூட் பழுப்பு. எல்லாம் குறுக்கே ஓடும் ஊடை நூல். நெடுக்கே ஓடி உள்ளே மறைந்துபோகும் வெள்ளைப் பாவு நூலைப் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவருவாள் என்று ஊரே நினைத்திருக்கிறது. ஏதோ சில வீடுகளில் மிச்சம் இருந்ததை வாங்கி ஓட்டினார்கள். மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. முக்கால் பங்கு இன்னும் பாக்கி.

"நிறத்தைக் காட்டுறதுக்குன்னா எல்லாரும் வந்துடுவீங்களே," என்றார் ரபஹா.

"நீங்க மட்டும் என்ன கொண்டுவந்தீங்க லல்லா? அதுவும் சிவப்புதானே?" என்றார் அம்மா.

யாரோ கடை நூல் வாங்கலாம் என்றாள். பிரசவ வீட்டுக்கா என்று மற்றவர்கள் அவள் வாயை அடைத்தார்கள். அப்போதுதான் அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஹம்மாமுக்கு ஓடினார்.

யத்தூ சித்தி ஒரு கோணிச் சாக்கை முதுகில் சுமந்துவந்தார். உள்ளே உருண்டை உருண்டையாகப் பாவு நூல். முள்ளிலும் தோளிலும் பொறுக்கியதில் நீளமானதை மட்டும் வாரியெடுத்து, முறுக்கேற்றி நூற்றது. வெள்ளையில் ஆங்காங்கே சாம்பலும் கறுப்பும் ஓடியது.

ஒருத்தி விரலால் நெருடிப் பார்த்தாள். "இது எங்க கறுப்புக் கிடா."

"இந்தச் சாம்பல் எங்களுது."

"அப்புறம் என்ன? எல்லா வீட்டு மந்தையும் இருக்குல்ல," என்றார் சித்தி. சொல்லிவிட்டுச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "லல்லா ரபஹா, என் பங்கு எங்க வரும்?"

ரபஹா முளையைப் பார்த்தார். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. "ஓரத்துல ஒரு சாண் எடுத்துக்க."

"ஓரம் வேணாம். வலியில படுத்திருக்கிறவ கண்ணு எங்க படுமோ அங்க வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. ரபஹா தன் முக்காட்டு முனையைக் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த இடத்தைத் தன் வீட்டுக் குறிக்கென்று அவர் வைத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"சரி. எந்திரி. பொழுது போகுது."

சித்தி எழுந்தார். உருண்டையை எடுத்து, வேறு யாரையும் நடக்கவிடாமல் தானே நடந்தார். கடைசி இழையைக் கட்டும்போது மலை உச்சியில் மட்டும் வெளிச்சம் இருந்தது.

அவருக்கென்று வீட்டுக் குறி எதுவும் இல்லை. தன் இடத்தில் ஒரு முட்கிளையை நெய்தார், அதில் ஒரு வெள்ளைத் துணுக்கு. முள்ளுக்குச் சிவப்பு வேண்டியிருந்தது. அம்மாவிடம் ஓர் உருண்டை கேட்டார்.

"ரோமம் வெட்டுற பருவத்துல திருப்பித் தந்துடுறேன், ஹத்தா. இதே சிவப்பு."

"எங்க போயிடப் போற? மெதுவா குடு."

தறியிலிருந்து தொங்கலை அறுத்த அன்று, அறுபடும்போது அதன் உயிர் போகிறது என்று, சாகிறவருக்குத் தெளிப்பதுபோல் அதன்மேல் தண்ணீர் தெளித்தார்கள். எல்லோரும் கொஞ்சம் அழுதார்கள். இந்த வழக்கத்தைப் பற்றிக் கல்லூரியில் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அழுதது அன்றுதான்.

ரோமம் வெட்டும் பருவத்துக்கு முன்பே தெற்கிலிருந்து சித்தியின் தம்பி வந்தார், தாய்க்கு முடியவில்லை என்று. சித்தி ஒரே மூட்டையோடு வண்டியேறினார். விடைபெறும்போது என் தோளிலிருந்து எதையோ கிள்ளி எடுத்துக்கொண்டார். பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

பிரசவ விடுதிக்குப் போய்வரும் பெண்கள் அந்த முள்ளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். போன வசந்தத்தில் மஞ்சிட்டி வேர் காய்ச்சும்போது, சித்தி தரவேண்டிய அந்த உருண்டையை நான் நூற்றுத் தந்துவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நீ ஏண்டி தர்ற? வாங்கினவ தருவா," என்றார்.

கூடையில் சிவப்புகளை அடுக்கினார். ஓர் உருண்டைக்கு மட்டும் இடம் விட்டு வைத்தார்.