குலுக்கலில் பேர் வராத நைனா

திருப்பதியில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். திருமலை சேவை டிக்கெட் குலுக்கலுக்கு ஆட்களைப் பதிவு செய்துவிட்டு, பேர் வராதவர்களை "உங்க அதிர்ஷ்டம் அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே அனுப்புவேன்.

போன மாதம் கனடாவிலிருந்து மகள் போனில் அழுதாள். பெற்றவர்களை அழைத்துப்போய் கூடவே வைத்துக்கொள்ள அந்த அரசாங்கமும் குலுக்கல்தான் போடுகிறது. "இந்த வாட்டியும் நம்ம பேரு வரல, நைனா."

"நீ ஒழுங்கா எழுதிப் போட்டிருக்க மாட்ட!" என்று கத்தினேன்.

"எழுதுறதுல என்னா இருக்குது நைனா? எல்லாம் அதிர்ஷ்டம்தானாம்."

என் வார்த்தையே என்னைச் செருப்பால் அடித்தது. பெத்த மகளோடு இருக்க அதிர்ஷ்டம் எதுக்குடா? மலையிலாவது, குலுக்கலில் பேர் வராதவன் தர்ம தரிசன வரிசையில் நின்று சாமியைப் பார்த்துவிடலாம். மகளிடம் போய்ச் சேர எனக்கு அந்த வரிசைகூட இல்லை.